வால்வு சூடாக இருபது நிமிஷம்

ஒயர் எங்கே போகிறது என்று கோமதிநாயகம் குனிந்து பார்த்திருக்கவே கூடாது. பார்த்துத் தொலைத்துவிட்டார். மூக்குக்கண்ணாடி நழுவி மேஜை மேல் விழுந்தது, எடுக்கக் குனிந்தார், கண்ணாடியை மாட்டிய கையோடு கண் அந்தக் கறுப்பு ஒயரின் பின்னாலேயே போனது. ஹெட்போனிலிருந்து கிளம்பிய ஒயர் மேஜை விரிப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நடுவிலிருந்த பெட்டியைத் தாண்டி, ஆமாம் தாண்டித்தான், இடது பக்கத்து வெள்ளி நிற ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் போய்ச் சொருகிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு தரம் பார்த்தார். ஒயர் மாறவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில், சுருதி ஆடியோஸ் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய கேட்பறையில் அவர் தனியாக இருந்தார். கடைக்காரர் மீரான் மத்தியானத் தொழுகைக்குப் போயிருக்கிறார், வந்ததும் பெட்டி கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு. பாக்கியநாதன் அண்ணாச்சி முகம் கழுவி, மகளுக்கு ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கியிருக்கிறார். மேஜையின் வலது பக்கம் வால்வு ஆம்ப்ளிஃபயர், நான்கு கண்ணாடிக் குழலும் உள்ளே ஆரஞ்சாக எரிய, ஒரு வேலையும் இல்லாமல் சூடாகிக்கொண்டிருந்தது. நடுவில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி, அதன் நெற்றியில் ஒரு குமிழ். குமிழை இடது பக்கம் திருப்பினால் வெள்ளிப் பெட்டி பாடும், வலது பக்கம் திருப்பினால் வால்வு பாடும், ஹெட்போனை அந்த நடுப்பெட்டியில் சொருகியிருந்தால். சொருகவில்லை. காலையிலிருந்து முக்கால் மணி நேரம் அவர் அப்படியும் இப்படியுமாகத் திருப்பிய குமிழ் எதையும் திருப்பவில்லை. இரண்டு பக்கமும் பாடியது அந்த ஒரே வெள்ளிப் பெட்டிதான்.

சொருகியது யார் என்று தேடவே வேண்டாம். மீரான் ஒயரை எடுத்து நீட்டியபோது, "நீங்க விடுங்க பாய், நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கியது இவர்தான். வாங்கியதோடு விட்டாரா? ஒயர் முனையிலிருந்த ஜாக்கை வேட்டி நுனியால் துடைத்து, அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே பிடித்து, சொருகும்போதே ஒரு பிடிப்புத் தெரியணும், தெரியாத சாமானைக் கையால் தொடக்கூடாது என்று ஒரு பிரசங்கம் வேறு. பிரசங்கம் பண்ணிக்கொண்டேதான் சொருகினார். பிடிப்பு நன்றாகத்தான் தெரிந்தது. அப்புறம் வால்வு சூடாக இருபது நிமிஷம் ஆகும், அவசரப்படக்கூடாது என்று இரண்டு பேரையும் கையைக் கட்டி உட்கார வைத்தார், ஏதோ குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி. அந்த இருபது நிமிஷத்தில் ஒரு நிமிஷம் ஒயரைப் பார்த்திருக்கலாம். கல்லூரி இயற்பியல் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ஆய்வக உதவியாளராகக் குப்பை கொட்டியவர். 'மொதல்ல கனெக்‌ஷனப் பாரு, பொறவு ரீடிங் எடு' என்று சொல்லிச் சொல்லியே தொண்டை காய்ந்தவர். ஒயரை மாட்டாமலே அட்டவணை நிறைய ரீடிங் எழுதிக்கொண்டு வந்த ஒருத்தியை வகுப்பு முழுக்கப் பார்க்க நிறுத்தி வைத்துக் கேலி பண்ணியிருக்கிறார். அவள் பெயர் என்ன, அமலியா, அமுதாவா, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். 'வரவேண்டிய ரீடிங்தான சார் எழுதியிருக்கேன்' என்றாள். வகுப்பே சிரித்தது, இவரும் சேர்ந்து சிரித்தார். வரவேண்டிய ரீடிங். இப்போது நினைத்தால் காது மடல் சுட்டது. இரண்டு மடலும் சுட்டது, சூடு மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் தெரிகிறது.

பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பட்டது. பொய் சொல்கிறவனுக்கு அது பொய் என்றாவது தெரியும். இவருக்கு நிஜமாகவே கேட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி இடது பக்கம் திருப்பினார், அண்ணாச்சி கொண்டுவந்த சர்ச் பாட்டின் குரல்கள் தட்டையாக, வெளுத்துப்போய், எண்ணெய் வைக்காத தலைமுடி மாதிரி வறட்டென்று கேட்டன. வலது பக்கம் திருப்பினார், உடனே எல்லாவற்றுக்கும் சதை பிடித்தது, கீழ்க்குரலில் ஆல்ட்டோ பாடுகிற பெண்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்து நின்றார்கள், கோயிலின் உத்தரம்வரை இடம் விரிந்தது. கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மீரான்கூடத் தலையை ஆட்டினார். ஆட்டினாரா, இல்லை கடைக்காரர் ஆட்டுகிற ஆட்டா? பதினோரு வருஷமாக 'நாதப் பித்தர்கள்' வாட்ஸாப் குழுவில் இவர் எழுதாத ஹெட்போன் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஒயரைப் பற்றியேகூட மூன்று பாகமாக எழுதியிருக்கிறார். காதுக்காரர் என்று பெயர். காதுக்காரர் சொன்னாரா, அப்ப வாங்கிருவோம் என்பார்கள். இவருடைய விமர்சனம் எல்லாம் ஒரே வரியில்தான் முடியும், எதிர்பார்த்ததைக் கொடுக்கிறது என்று. எதிர்பார்த்ததை. அட, அதைத்தானே இன்றைக்கும் கொடுத்தது, எதிர்பார்த்ததை, கோமதிநாயகம் வால்வில் சதை பிடிக்கும் என்று எதிர்பார்த்தார், குமிழ் அவர் கையிலேயே இருந்தது, பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் தூத்துக்குடிக்காரரை வெள்ளிக்கம்பி ஒயர் வாங்க வைத்ததும் இதுதானா? நாங்குநேரி டாக்டரின் ஹெட்போனை, நூறு மணி நேரம் ஓடினால் பழுத்துவிடும் என்று சொல்லி நாலு நாள் ஆளில்லாமல் பாட வைத்ததும்? அந்த டாக்டர் பிறகு போன் பண்ணி, ஆமா சார், இப்போ நல்லாப் பழுத்துருச்சு என்று உருகினாரே, அவர் காதில் விழுந்தது எது? நினைக்க நினைக்க ஒவ்வொரு முகமாக வந்து எதிரே உட்கார்ந்தது. எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்தார்கள், அதுதான் தாங்கவில்லை.

ஆனால் அவர்கள் பரவாயில்லை, அவர்கள் பாட்டுக் கேட்கிறவர்கள், ஒன்று போனால் இன்னொன்று வாங்குவார்கள். அண்ணாச்சி அப்படி இல்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜென்மத்தில் ஹெட்போன் மாட்டியதில்லை. அவர் மனைவி சுகிர்தம் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடியவர், கீழ்க்குரல், மேல்குரல்காரிகளின் சத்தத்துக்கு அடியிலேயே இருக்கிற குரல், பாடினால் தெரியாது, பாடாவிட்டால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். அந்த அம்மாள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போட்டோ வீடு நிறைய இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை. யாரோ பழைய கேசட் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார்கள், ஒரு கிறிஸ்மஸ் ஆராதனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாடியது. மகள் அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். போனில் கேட்டால் ஒரே இரைச்சல். அதற்குத்தான் அண்ணாச்சி போன வாரம் இவரைத் தேடி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சார், கூட்டத்துக்குள்ள இருந்து அவள மட்டும் கொஞ்சம் முன்னால கூப்பிட முடியுமா?" என்று கேட்டார். முடியும் அண்ணாச்சி என்று சொன்ன வாய் இதுதான். இன்றைக்குக் காலையில் அண்ணாச்சி முதலில் எடுத்து மாட்டியது லேசான ஒரு ஹெட்போன், விலையும் லேசு, பஞ்சு காதை அமுக்காது. இதமா இருக்கு சார் என்றார். இதம் வேற, நாதம் வேற அண்ணாச்சி என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்தார் கோமதிநாயகம். அடுத்ததில் அடிச்சத்தம் முட்டுகிறது என்று அதையும் கழற்றினார். மூன்றாவதாக, தலையில் வைத்தால் கழுத்து தாழ்கிற இந்தக் கனத்த ஹெட்போனை மாட்டிவிட்டு, குமிழை வலது பக்கம் திருப்பி, கண்ண மூடுங்க என்றார். மூடினார். "வலது பக்கம், கொஞ்சம் பின்னால, மூணாவது ஆளு. கேக்குதா?" அண்ணாச்சி தலையைக் கொஞ்சம் சாய்த்தார். "கேக்குது சார்." "அவங்கதான?" "அவதான் சார்." மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி ஹெட்போன் பஞ்சில் பட்டது. கோமதிநாயகம் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டார். பெருமைதான் பட்டார், வேறு எந்தப் பெயர் சொன்னாலும் அது ஏமாற்று. குழுவில் இதை எப்படி எழுதலாம் என்று முதல் வரிகூட அப்போதே மனசில் ஓடியது. தூ.

வலது பக்கம் மூன்றாவது ஆள். இப்போது அந்த வாக்கியத்திலும் கால் இடறியது. கேசட்டைப் பற்றி அண்ணாச்சி முதல் நாளே சொல்லியிருக்கிறார், குருவானவரின் ரூமில் இருந்த ஒற்றை மைக்கை நடுவில் நிறுத்திப் பதிந்தது என்று. ஒற்றை மைக்கில் வலது ஏது இடது ஏது, எல்லாக் குரலும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கும். அது இவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வலது பக்கம் என்று எப்படி வாயில் வந்தது? வலது காதுதான் கேட்கிறது, அதனால் வலது பக்கம். அவ்வளவுதான் விஷயம். போன மாசம் உள்ளூரிலேயே வண்ணாரப்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போனார், மனைவி லோகாவிடம் கரண்ட் பில் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அமுக்குங்க சார் என்றாள் அங்கே பரிசோதிக்கிற பெண். முதலில் கேட்டது, அமுக்கினார். பிறகு கேட்கவில்லை. கேட்கவில்லை என்று உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. அவள் எத்தனை விநாடிக்கு ஒரு தரம் சத்தம் அனுப்புகிறாள் என்று ஒரு கணக்குப் பிடிபட்டது, அந்தக் கணக்குக்கு அமுக்கிக்கொண்டே போனார். கடைசியில் அவள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "சார், நான் இப்ப சத்தமே குடுக்கலயே" என்றாள். சிரிக்காமல் சொன்னாள், நல்ல பிள்ளை. வயசான ஆள் ஒருத்தர் காதுப் பரிசோதனையில் காப்பியடிக்கிறார் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாள். பிறகு தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள், வலது காதின் கோடு மெல்லச் சரிந்தது, இடது காதின் கோடு மொட்டை மாடியிலிருந்து குதித்த மாதிரி இறங்கியது. அந்தத் தாளை நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் லோகா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே அவள் சோபாவில் இடது பக்கம் உட்காருவதில்லை, சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம்தான் உட்காருகிறாள். ஃபேன் காத்து அங்கதான் நல்லா வருது என்கிறாள். ஃபேன் நட்டநடுவில்தான் இருக்கிறது.

சரி, என்ன கெட்டுப்போயிற்று இப்போது? யாரும் பார்க்கவில்லை. ஜாக்கைப் பிடுங்கி நடுப்பெட்டியில் சொருகிவிட்டால் ஒயர் சரியாகிவிடும், அண்ணாச்சி வருவார், பெட்டி கட்டுவார்கள், ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அண்ணாச்சிக்குத்தான் கேட்டதே. கேட்டுவிட்டது என்று அழுதாரே. கேட்ட மனுஷனிடம் போய், நீங்கள் கேட்டது வால்வும் இல்லை வலதும் இல்லை என்று சொல்வது அவர் மனைவியை இரண்டாம் தரம் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இல்லையா? பாவம் இல்லையா? சொல்லாமல் இருப்பதுதான் தர்மம். தர்மம் என்ற சொல் வந்ததும் கோமதிநாயகத்துக்குத் தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. எவ்வளவு சுருக்காக வந்து நிற்கிறது பார், தர்மம், தனக்கு வெட்கம் என்றதும். அந்த மனுஷர் இதை வாங்குவதற்காகச் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போகிற யோசனையையே தள்ளிப்போட்டிருக்கிறார். ஆனாலும் கை போயிற்று. ஜாக்கைப் பிடுங்கியது, அதே பிடிப்பு, நடுப்பெட்டியில் சொருகியது. சொருகிவிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு ஹெட்போனை மாட்டி, அண்ணாச்சியின் பாட்டை ஓடவிட்டு, இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். இடது. வலது. இப்போதுதான் குமிழ் நிஜமாகவே மாற்றுகிறது, இப்போதுதான் வால்வு பாடுகிறது, இருந்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சதையும் இல்லை, வறட்சியும் இல்லை, பன்னிரண்டு பேர் தூரத்தில் எங்கேயோ ஒன்றாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். இடதா இது, வலதா? கண்ணைத் திறந்து குமிழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பயம் வந்தது. காது போவதுகூட இல்லை, காது எப்போது போயிற்று என்றே தெரியாமல் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோமே என்கிற பயம். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கை வியர்த்து, பஞ்சு ஈரமாக இருந்தது, அது யாருடைய ஈரம் என்றும் தெரியவில்லை.

கதவு திறந்ததை அவர் கவனிக்கவில்லை. அண்ணாச்சி எதிரே வந்து நின்ற பிறகுதான் தலையைத் தூக்கினார். முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது, கண் இரண்டும் சிவப்பு.

"பேக் பண்ணச் சொல்லிருவோமா சார்? மககிட்டப் பேசிட்டேன். அம்மா கொரல் கேட்டுச்சாப்பான்னா. கேட்டுச்சும்மான்னுட்டேன்" என்றார் அண்ணாச்சி.

ஆகட்டும் அண்ணாச்சி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளிடமும் சொல்லியாயிற்று, இனி இது மூன்று பேர் பொய், நாளைக்குப் பேரப்பிள்ளைகள் பொய். ஒயர் சரியாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது. கோமதிநாயகம் அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஆகட்டும் என்று சொல்ல முடியவில்லை.

"அண்ணாச்சி, இங்கன உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"நான் ஒயரத் தப்பாச் சொருகிட்டேன். காலையிலேர்ந்து நாம கேட்டது பூராவும் இந்த வெள்ளிப் பெட்டிதான். வால்வு பாடவே இல்ல. குமிழத் திருப்புனதுல ஒண்ணும் மாறல." நிறுத்தினால் நின்றுவிடும் என்று மேலே போனார். "இப்பத்தான், நீங்க கீழ போன பொறவு, திருட்டுத்தனமா மாத்திச் சொருகினேன். சொல்லாம இருந்துருவோம்னுதான் நெனச்சேன். எனக்கு இடது காது கேக்காது அண்ணாச்சி. வலது பக்கம், மூணாவது ஆளுன்னது எல்லாம் நானாச் சொன்னது. ஒத்த மைக்குல அப்படி ஒண்ணும் கேக்க வழி கெடையாது."

அண்ணாச்சி ஒயரைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். கோபம் வரும், வரட்டும், வந்தால் நல்லது என்று கோமதிநாயகம் காத்திருந்தார்.

"அப்ப எம் மேல தப்பில்லையா சார்?"

"ஒங்க மேல என்ன தப்பு அண்ணாச்சி?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கல சார்." அண்ணாச்சி சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "பொம்பளைங்க நாலஞ்சு பேரு கீழ்க்குரல்ல பாடுதாங்க, அதுல எது எம் பொஞ்சாதின்னு எனக்குத் தெரியல. நீங்க என்னடான்னா இந்தப் பக்கம், இத்தனாவது ஆளுன்னு புட்டுப் புட்டு வைக்கீங்க. அவளப் பாத்தே இராத மனுசன் ஒங்களுக்குக் கேக்குது, முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவன் எனக்குக் கேக்கலன்னா எப்படிச் சார் சொல்ல? அதான் கேக்குதுன்னுட்டேன். கீழ போயி குழாயத் தெறந்து விட்டுக்கிட்டு அழுதேன். ரெண்டே வருசத்துல மறந்துட்டேனே பாவின்னு."

அந்தக் கண்ணீரைக் கோமதிநாயகம் மனைவி கிடைத்த கண்ணீர் என்றுதானே பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துப் பூரித்தாரே, குழுவில் எழுத வரி வேறு யோசித்தாரே. இதுவரை பட்டதெல்லாம் தன் பெயருக்காகப் பட்ட வெட்கம், அதுகூட ஒரு சொகுசுதான் என்று இப்போது தெரிந்தது. ஒரு மனுஷரை அவர் மனைவியின் முன்னால் குற்றவாளியாக நிறுத்திவிட்டு, அந்த ஆளுக்குக் குமிழ் திருப்பிக் காட்டியிருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டார். மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொன்னார்.

அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். விரலை ஒயரின் மேல் வைத்து, ஹெட்போனிலிருந்து நடுப்பெட்டி வரைக்கும், அங்கிருந்து இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கும், நோயாளிக்கு மருந்துச் சீட்டு வாசிக்கிற நிதானத்தில் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தார்.

"இப்பச் சரியா இருக்குல்லா?"

"இப்பச் சரியா இருக்கு."

"அப்ப மொதல்லேர்ந்து போடுங்க."

கோமதிநாயகம் போட்டார். அண்ணாச்சி ஹெட்போனைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். பழக்க தோஷம், கோமதிநாயகத்தின் வாய் தானாகத் திறந்தது. கண்ணைத் திறக்காமலே அண்ணாச்சி ஒரு கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சார். நானே கேட்டுக்கிடுதேன். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிருதேன்."